தேவானந்தத்தின் வலது கை

எபி விட்ட குத்து ஐசக்கின் மூக்கில் இறங்கியபோது, அஸ்தினாபுரம் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையின் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன் பெஞ்சில் நின்று பாடிக்கொண்டிருந்த ஐசக், பின்னால் என்ன முனகல் என்று திரும்பிப் பார்த்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். எலும்பு நொறுங்கிய சத்தம் கீபோர்டையும் மீறிக் கேட்டது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம் கொட்ட, மனிதர் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எபிக்கு இருபத்தொன்பது வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. புத்தி மட்டும் ஐந்தாறு வயதோடு நின்றுபோனது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதவில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சபையில் அவனைப்போல் சாது கிடையாது. அப்படிப்பட்டவன் ஐசக்கை அடித்ததோடு விடவில்லை. பெஞ்சின் விளிம்பில் தன் நெற்றியைக் கொண்டுபோய் மோதினான். மறுபடியும் மோதினான். தடுக்க வந்த பையன் ஒருவனின் தோளைக் கடித்துச் சதையோடு இழுத்தான். பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்று, எபிக்குள் புகுந்திருந்த பிசாசை உரத்த குரலில் விரட்ட ஆரம்பித்தாள்.

அவனுடைய அப்பா தேவானந்தம், அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் விழப் பொறுக்காதவர். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மகன் தன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் அவருக்கு முதலில் வந்தது அவமானம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவி சரோஜினி இறந்ததிலிருந்து ஒற்றை ஆளாக அவனைப் பழக்கி, நாலு பேர் நடுவில் உட்கார வைத்திருந்தார். எல்லாம் ஒரே குத்தில் போயிற்று என்று நினைத்தார்.

நாலு பேர் சேர்ந்து எபியைத் தரையில் அழுத்தினார்கள். அப்போதுதான் அவன் வாந்தி எடுத்தான். பச்சையாக, நாற்றத்தோடு, ஆலயத்தின் மொசைக் தரையெல்லாம்.

கைக்குட்டையை மூக்கில் அடைத்துக்கொண்டிருந்த ஐசக்தான் முதலில் பேசினார். “அண்ணே, இது வேற ஏதோ. பிசாசும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கார்ல ஏத்துங்க.”

அடி வாங்கியவரே வண்டி ஓட்டினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை ஆயுசுக்கும் கும்பிடலாம். பின்சீட்டில் எபி முன்சீட்டை உதைத்து உதைத்து அதன் முதுகையே வளைத்துவிட்டான். பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்கையில் பல் பதிந்தது. தேவானந்தம் கையை இழுக்கவில்லை, திட்டவும் இல்லை. “அமைதியா இரு, எபி. அமைதியா இரு” என்று அலுவலகக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் நுழைந்தார்கள். உடனே கட்டில் கிடைத்தது ஐசக்குக்கு. உடைந்த மூக்கு என்றால் எல்லாருக்கும் விளங்குகிறது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது, மாத்திரை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவரிடம் பத்துக் கேள்வி கேட்டார்கள். எபியிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனைச் சுவரோரம் நிறுத்திவிட்டு செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள்.

செக்யூரிட்டி கிட்டு ஓடிவந்தான். “இன்னா சார், மென்டலா?”

“இல்லப்பா. பிறவியிலேயே இப்படி. ஆனா யாரையும் அடிக்க மாட்டான்.”

“மாட்டானா? அங்க அந்தாளு மூஞ்சிய பாரு சார், கிழிஞ்சி தொங்கிகினு கீது!”

எபி ஸ்ட்ரெச்சரைக் கவிழ்த்தான். குளுக்கோஸ் ஸ்டாண்டு ஒன்று கண்ணாடிக் கதவில் போய் மோதியது. கிட்டுவும் இன்னும் இரண்டு ஆட்களும் பாய்ந்தார்கள். ஒருவன் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு நெரித்தான். இன்னொருவன் கையை முதுகுப்பக்கம் முறுக்கினான். கிட்டு, கட்டிலில் விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, கன்னத்தில் பளார் பளாரென்று இரண்டு வைத்தான். எபியின் உதடு கிழிந்தது. தேவானந்தம் என்ன செய்தார் தெரியுமா? மகனின் கால்களைப் பிடித்துக்கொடுத்தார். அடங்கினால் நல்லது என்றுதான் அவருக்கு அப்போதும் தோன்றியது. பேண்டேஜ் துணியால் வலது கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். நர்ஸ் போட்ட ஊசி அவன் திமிறியதில் வளைந்து, பாதி மருந்து மெத்தையில் வழிந்தது.

டியூட்டி டாக்டர் ஜெயஸ்ரீக்கு முப்பது வயதுகூட இருக்காது. “அங்கிள், எப்பவும் சாப்பிடுற மாத்திரையை நிறுத்திட்டீங்களா? இது பிஹேவியர் பிராப்ளம். இங்க சைக்கியாட்ரி கிடையாது. மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, லெட்டர் தர்றேன்.”

“வாந்தி எடுத்தான்மா. பச்சையா.”

“கத்துனா, டென்ஷன் ஆனா வாந்தி வரும்.”

இருந்தாலும் பேருக்காவது கேட்டுவிடலாம் என்று எபி பக்கம் குனிந்தாள். “எங்கயாவது வலிக்குதா?”

எபி கிழிந்த உதட்டால் சிரிக்க முயன்றான். “நல்லா இருக்கேன். ஸ்தோத்திரம்.”

யார் என்ன கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார் தேவானந்தம். ஆலய வாசலில் போதகரிடம் அவன் அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்காது. இப்போது வியர்வையில் குளித்து, கையைக் கட்டி, வாயில் ரத்தத்தோடு கிடந்தவன் அதையே சொன்னதும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

லெட்டர் எழுதி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. எபியின் திமிறல் தானாகக் குறைந்தது. மருந்து வேலை செய்கிறது என்று கிட்டு சந்தோஷப்பட்டான். இடது கையில் பிரஷர் பார்த்த நர்ஸ் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். ஜெயஸ்ரீயின் முகம் மாறியது. அவன் வயிற்றில் கை வைத்தாள். வயிறு உப்பி, கல்லாக இருந்தது.

“அங்கிள், நான் சொன்னது தப்பு.” அவள் சுற்றி வளைக்கவில்லை. “உள்ள குடல் எங்கயோ அடைச்சிருக்கு. பிரஷர் எறங்குது. எங்கன்னு கண்டுபிடிச்சு உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க பையன் இருக்க மாட்டான். முழுசா பாக்கணும். பேன்ட்டை எறக்குங்க.”

நர்ஸ் பேன்ட் கொக்கியில் கை வைத்ததுதான் தாமதம். செத்துக்கொண்டிருந்தவன் எங்கிருந்துதான் அந்த பலத்தைக் கொண்டுவந்தானோ, இரண்டு காலையும் மடக்கி விட்ட உதையில் ஜெயஸ்ரீ மருந்து ட்ராலியோடு போய்ச் சுவரில் மோதினாள். புட்டிகள் சிதறின. கிட்டு மறுபடியும் அவன் நெஞ்சில் ஏறினான். கத்தரிக்கோலால் துணியை வெட்டலாம் என்று குனிந்த இன்னொரு ஆளின் தாடையில் எபியின் நெற்றி வந்து இடித்தது. கத்தரிக்கோல் எபியின் தொடையில் கிழித்து ரத்தம் வந்தது.

“இன்னும் கொஞ்சம் மயக்க மருந்து குடுங்களேன்!” என்றார் தேவானந்தம்.

“இந்த பிரஷர்ல குடுத்தா மூச்சே நின்னுடும் அங்கிள். வாந்தி நுரையீரலுக்குப் போயிடும்.”

கிட்டு முஷ்டியை ஓங்கினான். அப்போதுதான் தேவானந்தம் ஒன்றைக் கவனித்தார். எபி கிட்டுவின் முஷ்டியைப் பார்க்கவே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் வலது கையை.

சரோஜினி இருந்தவரை அவனைக் குளிப்பாட்டியது அவள்தான். அவள் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்க அவனைப் பழக்கினார் தேவானந்தம். பழக்கியதில் இன்னொன்றும் உண்டு. வளர்ந்த ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் பேன்ட்டை அவிழ்க்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே கையையும் கொண்டுபோகக் கூடாது. ஆலயத்தில் பெண்கள் முகம் சுளித்ததாக யாரோ சொன்ன நாளிலிருந்து, பைபிள் பைக்குள் ஒரு மரஸ்கேலும் சேர்ந்தே வந்தது. கை கீழே போனால் விரல் முட்டியில் ஒரு அடி. “கை மேல!” என்று ஒரு அதட்டல். இன்று காலையிலும் பாட்டுக்கு எழுந்து நின்றபோது இரண்டு அடி விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

பேன்ட்டை அவிழ்த்தால் அப்பா அடிப்பார். அதற்கு பயந்துதான் இவன் இத்தனை பேரையும் அடித்துக்கொண்டிருக்கிறான்.

“எறங்குடா!” என்று தேவானந்தம் கிட்டுவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் அசையாததைக் கண்டு முகத்தில் குத்தினார். அறுபத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஸ்கேல் இல்லாமல் ஒரு மனிதனை அடித்தார். கிட்டு தரையில் உட்கார்ந்தான். கம்பியில் கட்டியிருந்த பேண்டேஜைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

“அங்கிள், அவிழ்க்காதீங்க, கொன்னுடுவான்!”

அவர் கேட்கவில்லை. கட்டிலுக்கு முன்னால், மகன் கண்ணுக்கு நேராக நின்றார். பெல்ட்டை உருவினார். பேன்ட் கணுக்காலில் போய் விழுந்தது. உள்ளாடையையும் இறக்கினார். மூக்கில் கட்டோடு எதிர்க்கட்டிலில் இருந்த ஐசக், நர்ஸ், டாக்டர், கதவோரம் கூடியிருந்த ஜனம், எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் அந்த சூப்பிரண்டு. வலது கையைக் கொண்டுபோய்த் தன் தொடை இடுக்கில் வைத்தார்.

எபிக்குக் கண் விரிந்தது. விடுபட்ட கையை ஓங்கி அப்பாவின் விரல்கள்மேல் பலங்கொண்ட மட்டும் ஓர் அடி போட்டான். “தப்பு டாடி! கை மேல!”

தேவானந்தம் கையை எடுக்கவில்லை. இரண்டாவது அடி விழுந்தது. “கை மேல!” மூன்றாவது அடியில் சுண்டுவிரல் மளுக்கென்று முறிந்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்ட, கையை அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னார்: “தப்பு இல்லடா எபி. டாடி சொன்னதுதான் தப்பு. கை வைக்கலாம். வலிச்சா வைக்கலாம். இங்க பாரு, டாடி வச்சிருக்கேன், யாரும் அடிக்கல. நீயும் வை.”

எபி ஓங்கிய கையோடு யோசித்தான். ஜனத்தைப் பார்த்தான். கிட்டுவைப் பார்த்தான். அப்பாவின் கையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஓங்கிய கையை மெதுவாக இறக்கி, வலது தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு, அன்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதான். “டாடி, வலிக்குது. இங்க வலிக்குது.”

ஜெயஸ்ரீ பேன்ட்டை இறக்கியபோது அவன் உதைக்கவில்லை. இடுக்கில் ஒரு மாங்காய் அளவுக்கு வீக்கம், கருநீலமாக, தோல் பளபளத்துக்கொண்டு நின்றது. “சர்ஜனைக் கூப்பிடு!” என்று அவள் போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது. கட்டிலை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். பேன்ட்டை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தேவானந்தமும் பின்னால் ஓடினார்.

மூன்று மணி நேரம் கழித்து சர்ஜன் யக்ஞநாராயணன் வெளியே வந்தார். “குடல் எறங்கி மாட்டிக்கிட்டு ஒன்றரை அடி அழுகிப்போயிருந்தது சார். வெட்டி எடுத்துட்டுத் தச்சிருக்கேன். பொழைச்சுக்குவான்.”

தேவானந்தம் தலையை ஆட்டினார். சர்ஜன் போகாமல் நின்றார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

“ஒண்ணு கேக்கணும். இது இன்னிக்கு வந்த வீக்கம் இல்ல. ரெண்டு வருஷமாவது இருந்திருக்கும். எழுந்து நின்னா, இருமினா, சத்தமா பாடினாக்கூடக் குடல் கீழ எறங்கும். யாரா இருந்தாலும் உடனே கையை வச்சு உள்ள தள்ளிப் பிடிச்சுக்குவாங்க, யாரும் சொல்லித் தரவே வேணாம். உங்க பையன் ஒரு நாளும் அப்படிப் பிடிச்சுக்கலையா? ரெண்டு வருஷமா நீங்க கவனிக்கவே இல்லையா?”

“கவனிச்சேன் டாக்டர்” என்றார் தேவானந்தம். “ஒவ்வொரு தடவையும் கவனிச்சேன். ஒவ்வொரு தடவையும் அடிச்சேன்.”