ஐஸ் தட்டில் முட்டை வெள்ளை

"ஐஸ் போடப்பிடாதுன்னு சொல்லுகதுக்கு நீ ஆரு? பிரிட்ஜ் எனக்க மகன் வாங்கினதாக்கும்."

"இல்ல அத்தே, வந்தவங்களுக்குச் சளி பிடிச்சிரும்..."

"மேட மாசத்து வெயில்லயா சளி? நீங்கி நில்லுட்டி."

உமையம்மாள் பிரீசரைத் திறந்தாள். மருமகள் ஆனந்தலட்சுமி பக்கத்திலிருந்து நகரவில்லை.

எப்படி நகருவாள்? அடுத்த வீட்டு சத்யபாமா கேக் செய்து விற்பவள். மஞ்சள் கருவைப் புட்டிங்குக்கு எடுத்துவிட்டால் வெள்ளை மிஞ்சும். கொட்ட மனம் வராது. அடுத்த கேக்குக்கு ஆகுமே. தொண்ணூற்றாறில் பாறசாலையின் அந்தத் தெருவில் பிரிட்ஜ் இருந்தது ஆனந்தலட்சுமி வீட்டில் மட்டும்தான். ஆனால் அது சைவ வீடு. காக்கை முற்றத்தில் முட்டை ஓட்டைப் போட்டால்கூடச் சாணம் தெளிக்கும் வீடு. அந்த வீட்டு ஐஸ் தட்டில்தான் ஆனந்தலட்சுமி குழிக்கு ஒன்றாக முட்டை வெள்ளையை ஊற்றி உறைய வைத்திருந்தாள். எல்லாம் வேலிக்கு மேலே வரும் ஒரு துண்டு கேக்குக்காக. கேக்கில் முட்டை உண்டென்று அவளுக்குத் தெரியாதா என்று நம்மைக் கேட்டால்?

அதை நேற்றே கொண்டுபோயிருக்க வேண்டிய சத்யபாமா பக்கத்து ஊரான காரோட்டில் தங்கை வீட்டில் இருந்தாள். இன்று நாத்தனார் பகவதியைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வந்த வரனெல்லாம் தட்டிப்போன பெண்.

உமையம்மாள் எடுத்தது அந்தத் தட்டைத்தான். இரண்டு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரில் கட்டிகள் விழுந்தன.

"நிக்காம கொண்டு குடு."

சொன்னால் இந்த நிமிடமே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். சொல்லாவிட்டால் சம்பந்தியம்மாள் முட்டை குடிப்பாள், பகவதி காலமெல்லாம் வீட்டில் இருப்பாள். அவள் டம்ளர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாப்பிள்ளைப் பையன் தாணு ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். டம்ளருக்குள் வெள்ளை நூல் பிரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் தாய் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

"அம்மா, ஒனக்கு ஐஸ் ஆகாதில்லா?" பிடுங்கி, இரண்டையும் அவனே மடமடவென்று குடித்து முடித்தான்.

"பிள்ளைக்கு நல்ல தாகம்" என்று பூரித்த உமையம்மாள் மருமகளிடம் திரும்பினாள். "அம்மைக்கு ஐஸில்லாம வேற கலக்கு, மக்கா."

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கையில் தாணு குரலைத் தாழ்த்தினான். "ஹாஸ்டல்ல நானும் தின்னதாக்கும், அக்கா. ஆனா அங்க வேகவச்சுத் தருவாவ."

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். அவளோ டம்ளர்களோடு அடுக்களைக்குள் ஓடினாள். இனி ரகசியம் இவன் வாயில் அல்லவா இருக்கிறது?

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாலி ஏறும்வரை ஆனந்தலட்சுமி ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. தாணுவும் பகவதியும் நெய்யாற்றின்கரையில் வாடகை வீடு பிடித்தார்கள். மறு வருடமே ஆனந்தலட்சுமியின் கணவன் சிவராம் பாலக்காட்டுக்கு மாற்றல் வாங்கி அவளைக் கூட்டிப் போனான். மாமியார் கொடுமை என்கிறது ஊர். தாணு மறுவீட்டுக்கு வந்தபோது, எங்கே வாய் திறந்துவிடுவானோ என்று அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததைப் பார்த்த நாம் அப்படிச் சொல்ல மாட்டோம்.