சத்தம் நல்லாத்தான் இருந்தது

"ஒரு வாய் தண்ணி கொடேன்."

"தொண்டை மரத்திருக்கு. நர்ஸ் சொல்ற வரைக்கும் கிடையாது," என்றாள் மனைவி.

தொண்டை வழியாகக் குழாயை இறக்கி, இதயத்தைப் படம்பிடித்து, அவரை அப்போதுதான் வார்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள்.

"பஸ் ஓட்டினவனுக்குள்ளயே வண்டி ஓட்டிட்டாங்கடி," என்றார் கரகரத்த குரலில்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"போன ஆபரேஷன்ல வெச்ச செயற்கை வால்வு நல்லாத்தான் இருக்கு. அதைச் சுத்திப் போட்ட தையல் விட்டிருக்கு. அந்த இடுக்குல ரத்தம் பின்னால ஒழுகுது, ஒழுகறப்போ ரத்த அணுவெல்லாம் உடையுது. மூத்திரம் டீத்தண்ணியாட்டம் கறுத்துப் போயிருக்கணுமே?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"ராத்திரி ராத்திரி நெஞ்சுல காது வெச்சுக் கேட்பேனே டாக்டர்! டிக் டிக்னு சுத்தமா அடிக்குமே! மூச்சு வாங்குதுன்னாரு, நாடகம் போடாதீங்கன்னு திட்டினேனே..."

"சத்தம் வால்வோடதும்மா. ஒழுகறது அதுக்குப் பக்கத்துல. உங்க காதுக்கு எட்டாது."

"தொடை ரத்தக்குழாய் வழியா அடைப்பான் கொண்டுபோய் ஓட்டையை மூடலாம்னீங்களே?" என்றாள்.

"சின்ன ஓட்டைன்னா வைக்கலாம். இது வால்வைச் சுத்தின வளையத்துல மூணுல ஒரு பங்கு. வால்வே ஆடுது. நெஞ்சைத் திறந்துதான் தைக்கணும். ரெண்டு தடவை திறந்த நெஞ்சு, கிட்னியும் சரியில்ல. தாங்குவாருன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

"செய்யாட்டி?"

"மருந்து தரலாம், ரத்தம் ஏத்தலாம். கொஞ்ச காலம் வீட்ல இருப்பாரு. பேசிட்டுச் சொல்லுங்க."

டாக்டர் நகர்ந்ததும் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "திறக்கட்டுங்க."

"வேணாம்."

"பயந்தாங்கொள்ளி!"

"ஆமா. ரெண்டு தடவையும் கண்ணை மூடறப்போ முகமூடி போட்ட எவன் மூஞ்சியையோதான் பார்த்தேன். இந்தத் தடவையாவது உன் மூஞ்சியைப் பார்த்துக்கறேன்."

"இத்தனை வருஷம் பார்த்து என்னத்தைக் கிழிச்சீங்க?"

அவர் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் முதுகை நீவிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கையில் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

டாக்டரம்மா திரும்பி வந்தார். "என்ன முடிவு?"

"அவ சொல்றதுதான்," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாவி மனுஷன், இதையும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று நினைத்தாள். "திறங்க" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"எங்க வீடு மாடியில டாக்டர்," என்றாள். "கீழ் வீட்டுக்காரங்ககிட்டே ஒரு ரூம் கேட்கறேன். கட்டிலை அங்கே போட்டுட்டா, படி ஏற வேண்டியதில்லல்ல?"