கொதிக்க வைக்காத கயிறு

பால் பிசுக்கைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் ஒரு சோயா பால் ஆலையில், பதினோரு வருடமாகக் குழாய் கழுவும் பிரிவுக்கு மேற்பார்வையாளன். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீரை விட்டால் பால் வெந்து உள்பக்கம் படிந்துவிடும், அப்புறம் சுரண்டினாலும் வராது. இதைப் புதிதாகச் சேருகிறவர்களிடம் கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டுப்போனது. மோதிரம், கடிகாரம், மணிக்கட்டில் கயிறு எதுவும் உள்ளே வரக்கூடாது. தேவன் என்று ஒருவர், ஐம்பது வயதுக்காரர், கோயில் கயிறு என்று கெஞ்சினார். "சாமி வெளியில நிக்கட்டும்லா, நீங்க உள்ள வாங்க" என்று சொல்லி நானே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதனால் என் மகள் இருபத்தொன்பதாவது வாரத்திலேயே, ஒரு கிலோ நூறு கிராம் எடையில் பிறந்தபோது, வீட்டில் யார் என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பிள்ளை ஈப்போ மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என் மனைவி குமுதா பம்ப் வைத்துப் பால் எடுக்க வேண்டும். நான் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"நீ பால மட்டும் எடு. கழுவுறது என் வேலை. யாரையும் தொட விடாத" என்று அவளிடம் சொன்னேன்.

சொன்னபடி செய்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் போடாமல் அதற்கென்று தனி பேசின், தனி பிரஷ் வாங்கினேன். மார்பில் வைக்கும் புனல், அதன் கழுத்து, வெங்காயத் தோல் போல மெல்லிய ரப்பர் வால்வு, புட்டி என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்பு போட்டுத் தேய்த்து, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியால் துடைக்காமல் காற்றிலேயே உலர விடுவேன். அவள் உள்ளாடைக்குள் வைக்கும் பால் துணிகளையும் நானே அலசினேன். குமுதா சில சமயம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஆலையிலகூட இப்படிப் பாக்க மாட்டீங்க போல" என்பாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

பிறந்த ஐந்தாம் நாள், பிள்ளைக்கு மூச்சு இரண்டு தடவை நின்று நின்று வந்தது. அன்று மாலை நான் கால்போன போக்கில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, என் அப்பா வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரங்களை அழித்து இப்போது அங்கே தமான் என்கிற குடியிருப்பு வரிசை வீடுகள் வந்துவிட்டன. முனீஸ்வரர் கோயிலை மட்டும் சாலையோரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். பூசாரி ஒரு கறுப்புக் கயிற்றை மந்திரித்து, ஏழு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். பிள்ளையின் இடுப்பில் கட்டச் சொன்னார்.

மருத்துவமனையில் சாலிஹா மிஸ்ஸி அதைக் கையிலேயே வாங்கவில்லை. நம்மூர்த் தமிழ் முஸ்லிம், பொறுமையாகப் பேசுகிற தாதி. "பெட்டிக்குள்ள நூலு, கயிறு ஒண்ணும் போகக் கூடாதுண்ணே. புள்ள பெரிசானதும் கட்டிக்குங்க" என்றார். நான் தேவனிடம் சொன்னதைத்தான் அவர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். கயிறு உள்ளே போகக் கூடாது, பால் போகலாம். அப்படியென்றால் பால் இறங்குகிற இடத்தில் கயிறு இருந்தால் போதும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. புனலும் புட்டியும் சேர்கிற கழுத்தில் அதைச் சுற்றிக் கட்டினேன். குமுதா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் கழுவும்போது கயிற்றைத் தனியே அவிழ்த்து வைப்பேன். எல்லாவற்றையும் கொதிக்க வைத்து உலர்த்திய பிறகு அதை மறுபடியும் கட்டுவேன். கயிற்றைக் கொதிக்க வைத்தால் மந்திரித்த சக்தி போய்விடும் என்று நினைத்தேன். ஆமாம், நான்தான் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்கு இரத்தத்தில் கிருமி. வயிறு கல்லாகிவிட்டது, நிறம் மாறிவிட்டது. பாலை நிறுத்தி ஊசி மருந்து ஏற்றினார்கள். எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, எதற்கும் பம்ப் சாமான்களைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்து மூக்கருகில் கொண்டுபோனேன். புளித்த பால் நாற்றம் அடித்தது. முடிச்சுகளுக்குள் வெள்ளையாகப் பிசுக்கு ஏறியிருந்தது. பதினோரு வருட வேலைக்காரனுக்கு அதற்குமேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றைக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மற்ற சாமான்களை மட்டும் கொண்டுபோனேன்.

சாலிஹா மிஸ்ஸி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். வேறு ஏதாவது சேர்த்துப் புழங்குகிறோமா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே சொல். குமுதா பக்கத்தில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கழுவுவது என் வேலை, அதையும் சேர்த்தே கொதிக்க வைக்கிறேன் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

"பாத்தியாம்மா, உன் வீட்டுக்காரரு எவ்ளோ சுத்தமா வெச்சிருக்காருன்னு" என்றார் மிஸ்ஸி. "இதுல ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி புள்ளைங்களுக்குக் கிருமி எங்கேருந்து வேணா வரும். நீ பால் எடுக்கிறத நிறுத்திடாத. இப்போதைக்குக் கொட்டினாலும் பரவால்ல, எடுத்துக்கிட்டே இரு."

கடைசி மூன்று வாக்கியங்கள் குமுதாவின் காதில் ஏறவில்லை. காரில் ஏறியதும், "சாமான் சுத்தம்னு சொல்லிட்டாங்க. அப்போ என் பாலுதான் கெட்டது" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்ல, குமுதா."

"பின்ன எங்கேருந்து வந்துச்சு? சொல்லுங்க."

கயிறு என் பையில்தான் இருந்தது. நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அன்றைக்கே அவள் மார்பை ஒரு பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பம்ப்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். மார்பு கல்லாகக் கனத்து, காய்ச்சல் வந்து, வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் எடுக்கவில்லை. "எம் புள்ளைக்கு வெசத்த குடுத்துட்டேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

அவள் அவிழ்த்துப் போடுகிற துணிகளை நான் அள்ளிக்கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவேன். முதல் இரண்டு நாள் தண்ணீர் கலங்கி வெள்ளையாகிவிடும். நான்காம் நாள் கைக்குட்டை அளவுக்குத்தான் கறை இருந்தது. ஆறாம் நாள் ஒரு வெள்ளிக்காசு அளவு. பால் வற்றுவது துணி அலசுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும், டாக்டருக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிள்ளை கொஞ்சம் தேறட்டும், குமுதாவுக்குக் காய்ச்சல் விடட்டும், நாளைக்கு. எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பயம்தான். நான் சொன்னதும் அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்தால் நாக்கு எழவில்லை.

அவள் பால் எடுப்பதை நிறுத்திய ஒன்பதாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். கிருமி அடங்கிவிட்டது. ஆனால் டின் பால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தும் வயிறு தாங்கவில்லை, உப்புகிறது, பச்சையாகக் கக்குகிறாள். தாய்ப்பால்தான் நல்லது, எடுத்துவைத்ததைக் கொண்டுவாருங்கள் என்றார்.

"என் பாலு வேணாம் டாக்டர். அதக் குடுத்துதான் இப்படி ஆச்சு" என்றாள் குமுதா.

வெளியே நடைபாதையில் அவளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, கொதிக்க வைக்காதது, நாற்றம், பையில் மறைத்தது, மிஸ்ஸி கேட்டதும் இல்லை என்றது. ஒருவேளை அதனால் இல்லாமலும் இருக்கலாம் என்று கடைசியில் சேர்த்தேன். அந்தப் புத்தி மட்டும் என்னை விடவில்லை.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கயிறு கட்டினது நீங்க தெரியாம செஞ்சது" என்றாள். "அத விடுங்க. அன்னிக்கு கார்ல கேட்டேன்ல? அப்பவே சொல்லிருந்தா நான் நிறுத்திருக்க மாட்டேன்ல?"

எழுந்துபோய் மிஸ்ஸியிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ்ஸி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் வை, சில பேருக்குத் திரும்பி வரும், சூடாக ஒத்தடம் கொடு என்று குமுதாவிடம் மட்டும் பேசினார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் விடாமல் வைத்துப் பார்த்தாள். பூண்டு, சுறாக் கருவாடு, வெந்தயக் கஞ்சி, யார் எதைச் சொன்னாலும் சாப்பிட்டாள். முதல் நாள் புட்டியின் அடியில் ஏழெட்டுச் சொட்டு வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதைச் சிறிய ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டு போனேன், பிள்ளையின் உதட்டில் தடவினார்கள். மறுநாள் மூன்று சொட்டு.

மூன்றாம் நாள் பகல், அறைக்குள் பம்ப் ஓடும் சத்தம் நாற்பது நிமிடம் கேட்டது. நான் அடுக்களையில் பேசினில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பிரஷ்ஷை எடுத்துவைத்துக் காத்திருந்தேன். சத்தம் நின்றது. குமுதா வந்து, புனலும் புட்டியும் மாட்டியபடியே மேசைமேல் வைத்தாள். நான் கையை நீட்டினேன்.

"கழுவ வேணாம். நனையவே இல்ல" என்றாள்.