ஒற்று மிகும் வீடு

வெள்ளம் வடிந்த ஆறாம் நாள் திலகவதியின் வீட்டுச் சுவரில் பூத்த பூசணத்துக்குச் சந்தி இலக்கணம் தெரிந்திருந்தது.

முதலில் அது கை வைத்தது சுவரோடு ஒட்டிப்போயிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில். 'தங்கள் வரவை பெரிதும் எதிர்பார்க்கும்' என்று அச்சாகியிருந்ததில், 'வரவை'க்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு 'ப்' முளைத்திருந்தது. திலகவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது அவள் தொழில்; இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். தொழில் தெரிந்த ஆள் எதிரில் நின்றால் அவளுக்குத் தெரியாதா?

"சமத்து" என்றாள் சுவரிடம். பரண்மேல் ஏற்றிக் காப்பாற்றியிருந்த மெய்ப்புத் தாள்களைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தாள். கிணறுகளின் வரலாறு, அறுநூறு பக்கம். விடிவதற்குள் நாற்பது பக்கம் முடிந்திருந்தது. ஒற்று வேண்டிய இடத்தில் வைத்தது. வேண்டாத இடத்தில் யாராவது போட்டிருந்தால் அந்த எழுத்தை மட்டும் தின்றது, பக்கத்து எழுத்தில் பல்கூடப் படவில்லை.

ஒரு வாரம் கழித்து அது புத்தக அலமாரிக்குள் போனது. பதினான்கு வருஷத்துக்கு முன் அவள் திருத்தி வெளிவந்த புத்தகத்தில், 143ஆம் பக்கத்தில், ஒரு 'த்' வைத்துவிட்டு வந்தது. அந்தப் பிழை இத்தனை நாளும் அவளுக்கு மட்டுமே தெரியும். திலகவதி அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பொறாமைப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் அவள் கணவர் கோதண்டத்துக்கு இழுப்பு கண்டது. அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஏழாம் வகுப்பில் தமிழில் கோட்டை விட்டவர். தெருமுனை டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"க், ச், த், ப். நாலும் உள்ளே அடைச்சுக்கிட்டு இருக்கு. சுவத்தை உடனே கழுவிடுங்கம்மா. இன்னும் சேந்தா மூச்சுக்கு இடம் இருக்காது."

"இன்னும் முந்நூறு பக்கம் இருக்கு டாக்டர்."

"அவரும் இருக்கணும் இல்லையா?"

வீட்டுக்கு வந்தும் திலகவதிக்குக் கை வரவில்லை. பிளீச்சிங் பவுடர் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முந்நூறு பக்கந்தானே திலகா. வேலை முடியட்டும். நான் மெதுவா மூச்சு விட்டுக்கிறேன்."

அதைக் கேட்டதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பென்சிலை எடுத்துச் சுவரில், 'உன்னை கழுவ போகிறேன். பொறுத்துக்கொள்' என்று எழுதிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது 'உன்னைக் கழுவப் போகிறேன்' என்று இருந்தது. இரண்டாவது வாக்கியத்தை அது தொடவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தரை முதல் கூரை வரை தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் மீதித் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தாள். "கிணற்றை தூர்வார..." கட்டிலில் படுத்திருந்த கோதண்டம் "த்" என்று இருமினார். அவள் பென்சிலால் 'த்' போட்டாள். "கோடைக்கு பிறகு..." "ப்" என்றார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் மூச்சு கொஞ்சம் லேசானது. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து இருமினார்.

571ஆம் பக்கத்தில் 'குடிதண்ணீர்' என்று வந்தது. அசதியில் அவள் கை தானாக ஒரு 'த்' போட்டுவிட்டது. கோதண்டத்திடமிருந்து சத்தமே இல்லை. அவள் பதறிப்போய் நிமிர்ந்தாள். அவர் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இருமலையா?"

"அதுக்கு வரலையே."

குடித்த தண்ணீர், குடிக்கிற தண்ணீர், குடிக்கும் தண்ணீர். வினைத்தொகை, ஒற்று மிகாது. திலகவதி ரப்பரை எடுத்துத் தன் 'த்'தை அழித்தாள். அழித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"கடைசிப் பக்கம் முடிஞ்சதும் முன்னுரையை எடு" என்றார் கோதண்டம், நெஞ்சைத் தடவியபடி. "அதுல மூணு 'ச்' விட்டுப்போயிருக்கு."

முன்னுரையை முதல் ராத்திரியே பூசணம் திருத்தி முடித்திருந்தது. திலகவதி எடுத்து எண்ணிப் பார்த்தாள். விட்டுப்போனவை மூன்றேதான்.