வால்வு சூடேறும் வரை

1

இந்தக் கதை ஒரு வாட்ஸப் கேள்வியில் பிறந்தது. பழைய ரெக்கார்டு பிளேயரைப் பழைய ரேடியோவோடு இணைப்பது எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியாது. அதனால் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'இசை என்பது மனித குலத்தின்—'

வேண்டாம். மனித குலம் கிடக்கட்டும், கிணத்துக்கடவு குமாரசாமி ஒருவரே போதும்.

2

தேங்காய் வியாபாரத்தை மகன் மனோஜ்குமாரிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர் குமாரசாமி. அவருடைய ரெக்கார்டு பிளேயருக்குச் சொந்தக் குரல் கிடையாது. அதன் வயரை ரேடியோவின் முதுகில் செருகினால்தான் பாட்டு கேட்கும். ரேடியோவோ மனைவி மயிலாத்தாள் அந்தியூரிலிருந்து கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. அதை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. (இந்தச் சட்டம் என்னுடையதல்ல. நான் பேனாவைத் திறக்கும் முன்பே அவள் போட்டுவிட்டாள்.)

ஆகவே தினமும் சாயங்காலம் அவர் கேட்டாக வேண்டும்.

"ஏனம்மணி, ரேடியோவக் கொஞ்சம் போட்டுடறயா?"

"போடறனுங்க. சூடேறட்டும், இருங்க."

வால்வு ரேடியோ* போட்டதும் பாடாது. அது சூடேறும் வரை இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். தென்னையில் விழுந்த வெள்ளை ஈ, மருமகள் புவனா குழம்பில் குறைத்த உப்பு, அவருடைய இருமல் என்று அவள் பேசுவாள். பாட்டு வந்ததும் பேச்சு நின்றுவிடும். அவர்கள் ஒருநாளில் பேசிக்கொள்வதே அவ்வளவுதான்.

* வால்வு என்பது சின்ன பல்பு மாதிரி. சூடானால்தான் வேலை செய்யும். சில மனிதர்களும்— (மயிலாத்தாள் முறைக்கிறாள். நிறுத்திக்கொள்கிறேன்.)

3

மனோஜ்குமார் புது ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தான்.

"இனி அம்மாகிட்டக் கெஞ்ச வேண்டியதில்லீங்கப்பா."

செருகியதும் பாட்டு வந்தது. குமாரசாமிக்கு ஒரே குஷி. அது சில நாள்தான். பிறகு பாட்டுக்கு நடுவே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் இருமலை யாரும் விசாரிக்கவில்லை. மனைவியிடம் சும்மா போய்ப் பேச அவருக்கு வெட்கமாக இருந்தது.

[இந்த இடத்தில் அவரை அழவைக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.]

4

ஒருநாள் ஸ்பீக்கரின் கரண்ட் வயரைக் காணோம். குமாரசாமி வீடு முழுக்கத் தேடினார், கொஞ்சம் சத்தமாகவே. அரிசி டிரம்மில் மட்டும் தேடவில்லை.

மயிலாத்தாள் உலைக்கு அரிசி அள்ளப் போனாள். கையில் வயர் தட்டுப்பட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டிலுக்கடியில் மும்முரமாகக் குனிந்திருந்தார். வயரை இன்னும் ஆழமாக அமுக்கி, மேலே அரிசியைச் சமமாகத் தடவிவிட்டாள்.

"எங்கயும் காணோமுங்க. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அப்படித்தான் இருக்கோணும். அப்ப, அம்மணி... ரேடியோவக் கொஞ்சம்..."

"சூடேறட்டும், இருங்க."

5

முடிவு ஒன்று: மனோஜ்குமார் வேறு வயர் வாங்கி வருகிறான். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பாட்டு வருகிறது, இருவரும் கண்மூடிக் கேட்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு வந்தால் பேச்சு நின்றுவிடுமே.

அதனால் பாட்டை நான் வரவிடப் போவதில்லை. ரேடியோ இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது. அவள் ஆரம்பித்துவிட்டாள்:

"இருமலு இப்ப எப்படீங்க இருக்குது?"

அவர் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே எழுதலாம். ரேடியோ ரொம்பப் பழசு.