சிவப்பு ரிப்பனைக் குத்திவிட ஓர் ஆள்

எங்கள் அருங்காட்சியகத் தலைவர் கிஸ்லேன் வர்னூவுக்கு அரசாங்கம் பதக்கம் அறிவித்துச் சில வருஷங்கள் ஆகியும் அது அவர் கோட்டில் ஏறவில்லை. எங்கள் நாட்டு வழக்கம் அப்படி. பெயர் அறிவித்தால் மட்டும் போதாது. அதே பதக்கத்தை ஏற்கெனவே வாங்கிய ஒருவர் வந்து நம் மார்பில் குத்திவிட வேண்டும். அதுவரை அந்தப் பதக்கத்தின் சிவப்பு ரிப்பனை அணியக் கூடாது. குத்துகிற ஆளை மட்டும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

நான் ஜோசியான், அவருடைய செயலாளராக இருந்தவள். லில் நகரத்து நாடக அரங்கு, லிஸ்பனில் எங்கள் நாட்டுக் கலாசார நிலையம், கடைசியில் பாரிஸில் இந்த அருங்காட்சியகம் என்று கலாசார அமைச்சகம் அவரைத் தூக்கிப் போட்ட இடத்துக்கெல்லாம் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். எங்கே போனாலும் நஷ்டத்தை நிறுத்துவார், ஒழுகுகிற கூரையை மாற்றுவார். விழா வைத்து யாராவது ஒரு கலைஞருக்கு அமைச்சகத்தின் கலைப் பதக்கம் குத்தி, "என் அருமை நண்பரே" என்று முழங்குவார். மறுநாள் அந்த நண்பரின் பெயர் என்ன என்று என்னிடம் கேட்பார்!

அன்று புதன்கிழமை. அமைச்சரவைக் கூட்டம் முடிந்ததும் ரேடியோவில்தான் எங்களுக்குத் தெரிந்தது, அவர் நாற்காலிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று. ஒரு போன்கூட இல்லை, பாவிகள். பதவியோடு அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருந்த வீடும் போகும், டிரைவரும் காரும் போகும். சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"ஜோசியான், அந்த ரிப்பன் விஷயத்தை இப்பவே முடிச்சிடலாம். கொஞ்ச நாள் போனா எவன் வருவான்?"

"யாரைக் கூப்பிடட்டும், தலைவரே?"

"மந்திரி..."

"உங்களைத் தூக்கினதே மந்திரிதானே!"

"சரி, என் கூடப் படிச்ச லத்தூர். அவன்கிட்டயும் இருக்கு."

"நல்லா இருக்கு. உங்க நாற்காலிக்கு வரப்போறதே அவர்தான். ரேடியோவை முழுசாக் கேக்கலையா நீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது பெயருக்காக நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. ஒரு ஆயுசு முழுக்க ஊரைக் கூட்டி விழா நடத்தியவருக்கு ஒரு ஆள் இல்லை. என்னிடம் அந்த ரிப்பன் இருந்திருந்தால் அங்கேயே குத்திவிட்டிருப்பேன்.

அவரைக் கேட்காமல் நானே மிரேய் ஓபானுக்குப் போன் போட்டேன். பழைய நாடக நடிகை. லில் நகரத்தில் இவர் கையால் கலைப் பதக்கம் வாங்கியவள். இந்தச் சிவப்பு ரிப்பனும் அவளிடம் உண்டு.

"அந்தக் கிஸ்லேனா?" என்று சிரித்தாள். "மேடையில அருமை நண்பரேன்னான். நானும் ஒரு பைத்தியம், நம்பிச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவே இல்லை. விழா கிழா ஒண்ணும் வேணாம் கண்ணு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வா, சமையலறையில வெச்சே குத்திவிடறேன். ஆனா சாப்பிட்டுட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்."

சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அந்த வாரமே நாற்காலி கைமாறியது, பெட்டிகள் ஓட்டலுக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மெட்ரோவில் போனோம். டிக்கெட்டை எங்கே நுழைப்பது என்று அவருக்கு நான்தான் காட்டினேன்.

சமையலறையில் மாட்டுக்கறியும் கேரட்டும் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தன. மிரேய் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். குடியரசுத் தலைவர் பெயரால் சொல்ல வேண்டியதைக் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பதக்கத்தைக் குத்தினாள். பிறகு அவர் இரு கன்னத்திலும் முத்தமிட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் கம்பம் மாதிரி நின்றார். ஆனால் கண் நிறைந்துவிட்டது, நான் பார்த்தேன்.

"உக்காரு கிஸ்லேன். சூடா இருக்கு."

நாற்காலியின் முதுகில் கை வைத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

"மன்னிக்கணும் மேடம். கீழ கார் காத்திட்டிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். படியில் இறங்கிப் போய்விட்டார்.

மிரேய் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "கார் எங்கடி?"

"கார் ஏது? எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க."

"அப்புறம் ஏன் ஓடறான்?"

நானும் அவள் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். கீழே நடைபாதையில் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"தலைவரே! மேல வாங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "சாப்பிட்டுட்டுப் போங்க! வேற எங்க போகப்போறீங்க?"

நிமிர்ந்தார். வாசலில் விருந்தாளிகளை வழியனுப்புகிறவர் போல, மரியாதையாகக் கையை உயர்த்தினார். பிறகு மெட்ரோ இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.