கையில் வந்த ரத்தம்

ஆஸ்பத்திரியின் காற்றுக் குழாய் மட்டும் அந்த வாரம் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால், அங்கே ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் இருந்த வெர்னெல் பெட்வே இன்னும் ஆறு வருஷம் நிம்மதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பாள். ஏழாம் மாடி வார்டில் எடுத்த ரத்தத்தைச் சுவரிலுள்ள குழாய்க்குள் போட்டால், அது காற்று வேகத்தில் பறந்து வந்து கீழ்த்தளத்து ஆய்வகக் கூடையில் தொப்பென்று விழும். குழாய் நின்ற மூன்று நாளும் நர்ஸுகள் முனகிக்கொண்டே கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வெர்னெல் அந்தக் குப்பிகளை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி எடுத்தாள். மேலே தெளிந்து நின்ற நீர் நல்ல மஞ்சளாக இருந்தது. ஒரு குப்பியை விளக்கருகே தூக்கி மறுபடி பார்த்தாள்.

ஏழாம் மாடி ரத்தமென்றால் அந்த நீர் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அங்கே கிடப்பவர்கள் அரிவாள் செல் நோயாளிகள். அவர்கள் உடம்பிலேயே சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கும், சிவப்பு அதனால்தான் என்று அவர்களை வைத்து ஆராய்ச்சி நடத்திய டாக்டர் லிண்ட் நினைத்தார், வெர்னெலும் நினைத்தாள். நோயின் மேல் பழியைப் போட்டால் அது எதிர்த்துப் பேசவா போகிறது? உடைத்ததில் பெரும் பங்கு குழாயின் உலுக்கலுக்கு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சிவப்பணு உடைந்தால் சிந்துகிற ஹீம் என்ற நிறப்பொருள் உடம்புக்கு விஷம். அதைத் துண்டாக்கி அப்புறப்படுத்த, நெருக்கடி வரும்போதெல்லாம் உடம்பே ஒரு நொதியை உண்டாக்கிக்கொள்ளும். அது போதாதவர்களுக்குத்தான் சேதம் அதிகம் என்பது டாக்டர் லிண்டின் கட்சி. நொதியைத் தூண்டும் மருந்தொன்றைச் சோதிக்கப் பத்து இடம் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த நாற்பது பேரில் யாருக்கு நொதி மிகக் குறைவோ அவர்களுக்கு. குழாயில் வந்த ரத்தத்தில் வெள்ளணுக்களும் உடைந்து, உள்ளே கிடந்த நொதியெல்லாம் வெளியே கொட்டி, நொதி அளவைக் கூட்டிக் காட்டியிருந்தது. "உங்களுக்கு நிறைய இருக்கிறது" என்று ஏழாம் மாடிக்காரர்களை அனுப்பிவிட்டு, வெளிநோயாளிகளாக நடந்து வந்து கீழ்த்தளத்திலேயே ரத்தம் கொடுத்துப் போகிற ஒன்பது பேரை வரப்போகும் சோதனைக்குச் சேர்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களில் இடம் கிடைத்தது ஒரே ஒருத்திக்கு. வெர்னெலின் தங்கை ஓடெஸாவுக்கு.

காரணம் இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஓடெஸாவுக்கு நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்தி எடுத்த ரத்தம் அது. அதைக் குழாயில் போட வெர்னெலுக்கு மனசு வரவில்லை. ஸ்வெட்டர் பையில் வைத்து, மேலே உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு, லிஃப்டையும் நம்பாமல் ஏழு மாடிப் படியையும் மெல்ல இறங்கி வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். ஓடெஸா சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். நாற்பத்தாறு வயதுக்கு அறுபது வயது முகம்.

"மூஞ்சியே சரியில்லையே. பாஸ்டர் இன்னிக்கும் ரெண்டு மணி நேரம் அறுத்துட்டாரா?"

"அடுப்புல என்னடி?"

"கீரை. பேச்சை மாத்தாதக்கா, சொல்லு."

குழாயைப் பற்றியும், மறுபடி சோதித்தால் ஓடெஸாவின் இடமே போய்விடலாம் என்றும் சொன்னாள். ஓடெஸா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே" என்றாள் கடைசியில். "எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? நான் உன்ன மன்னிக்கணுமா?"

"தெரியலடி. சொல்லாம இருக்கவும் முடியல."

"என் பக்கத்து பெட்ல இருந்தாரே, சலூன் வச்சிருக்கிற ராஸ்கோ. நொதி நிறைய இருக்கு, நீங்க கொடுத்து வச்சவர்னு அவர அனுப்பினாங்க. பத்து நாள்ல திரும்ப வந்து கத்துன கத்து இன்னும் என் காதுல இருக்கு. அவர் ரத்தத்தையும் நீ கையில கொண்டு போயிருக்கலாம்ல?"

"அவர் என் தங்கச்சி இல்லையே" என்றாள் வெர்னெல். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது. கூசிப்போனாள்.

கீரை அடிபிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் எழவில்லை.

"போய் டாக்டர்கிட்ட சொல்லு" என்றாள் ஓடெஸா. "ஆனா ஓடெஸாவுக்குப் பெரிய மனசுன்னு சர்ச்சுல எவகிட்டயாவது சொன்ன, தொலைச்சுடுவேன். எனக்குக் கோவம் கோவமா வருது."

டாக்டர் லிண்ட் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய நான்கு வருஷ ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அந்தக் குழாய் வழியாக வந்தவைதான்.

"இதை நீங்க கண்டுக்காமலே விட்டிருக்கலாம், வெர்னெல்."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, டாக்டர்."

"எல்லாரையும் ஏழாம் மாடிக்கு வரவழைச்சு மறுபடி எடுக்கணும். கையில யார் கொண்டு வர்றது?"

"வேற யாரு? நான்தான்."

நாற்பது பேர். பத்து நாள் ஏறி இறங்கினாள். முழங்கால் வீங்கி, மாடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். ராஸ்கோவின் ரத்தத்தையும் ஸ்வெட்டர் பையில் வைத்து அதே உள்ளங்கையைத்தான் பொத்தினாள். அவளுக்கு நாற்பதும் ஒரே கனம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஓடெஸாவின் குப்பியைக் கொண்டுவந்த அன்று அவள் படிக்குப் படி நின்றாள்.

நொதி குறைந்தவர் முதலில் வரும் பட்டியலை அவளே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஓடெஸாவின் நொதி அளவு ஏறக்குறைய பழையபடியே இருந்தது. மற்றவர்கள்தான் கீழே இறங்கியிருந்தார்கள். ராஸ்கோ மூன்றாவது. ஓடெஸா பதினான்காவது. வெர்னெல் பத்தாவது பெயருக்குக் கீழே கோடு போட்டாள். போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனாள். அக்காவின் முகமே சொல்லிவிட்டது.

"ராஸ்கோவுக்கு?"

"கிடைச்சிடுச்சு."

"ம். நல்லது." ஓடெஸா கையை நீட்டி, முழங்கையின் உட்புறத்தை விளக்கடியில் காட்டினாள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. கறுத்த தோலில் சட்டென்று தெரியாது. உற்றுப் பார்த்தால் ஊதாவின் ஓரத்தில் பச்சை படர ஆரம்பித்திருந்தது.

"கட்டுன ரத்தம் பச்சையாச்சுன்னா அந்த நொதி வேலை செய்யுதுன்னு நீதான சொன்ன? பாரு, என்னோடது நல்லாத்தான் வேலை செய்யுது. பத்து பேர்ல வராத அளவுக்கு."

வெர்னெல் பச்சையின் விளிம்பில் மெல்ல விரலை வைத்தாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்குதுக்கா" என்றாள் ஓடெஸா. கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.